பழைய காரில் தளர்ந்த சஸ்பென்ஷனைக் கண்டறிதல்

சஸ்பென்ஷன் எனப்படும் தாங்கமைப்பு, காரின் உடலையும் சக்கரங்களையும் இணைக்கும் சுருள்வில், ஷாக் அப்சார்பர், ஆர்ம், புஷ், பால் ஜாயின்ட் முதலிய உறுப்புகளின் தொகுதி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய காரில் இது மெல்ல மெல்லத் தளர்கிறது. தளர்ச்சி ஒரே நாளில் வருவதில்லை என்பதால், தினமும் ஓட்டுபவருக்கு அது தெரிவதில்லை. வேறொருவர் ஓட்டிப் பார்த்துச் சொன்னால்தான் உறைக்கிறது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் இது "வண்டி மிதக்குது", "ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருக்கு", "குழியில் இறங்கினால் டக்குனு சத்தம் வருது" என்ற புகார்களாக வந்து சேரும். "நாலு ஷாக்அப்பையும் மாற்றிவிடலாம்" என்பது அடிக்கடி கிடைக்கும் பதில். பல நேரங்களில் அது தவறான பதில். ஷாக் அப்சார்பர் விலை சில ஆயிரங்கள். குற்றவாளியான ரப்பர் புஷ்ஷின் விலையோ சில நூறு ரூபாய்தான். எந்த உறுப்பு போயிருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே கடைக்குப் போக வேண்டும் என்பதற்கு இந்த விலை வேறுபாடு ஒன்றே போதுமான காரணம்.

மூன்று வேலைகள்

சஸ்பென்ஷன் செய்யும் வேலைகளை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் நோயறிதல் பாதி முடிந்துவிடும். காரின் எடையைத் தாங்குவது முதல் வேலை. அதைச் சுருள்வில்லோ பட்டைவில்லோ செய்கிறது. அமுங்கிய வில் திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்குவது இரண்டாவது. அது ஷாக் அப்சார்பரின் பொறுப்பு. சக்கரம் மேலும் கீழும் மட்டும் நகர வேண்டும், முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ நகரக்கூடாது என்று பிடித்து வைப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வேலையைச் செய்பவை ஆர்ம்கள், அவற்றின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்கள், பால் ஜாயின்ட்கள்.

கார் துள்ளினால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்கலாம். கார் ஒரு பக்கம் சாய்ந்தோ தாழ்ந்தோ நின்றால் வில்லைப் பார்க்கலாம். ஆனால் கார் நேராகப் போகாமல் அலைந்தால், பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சிறிது தாமதித்தே வண்டி திரும்பினால், அது மூன்றாவது வகை உறுப்புகளின் தளர்ச்சி. அதற்கு எத்தனை புதிய ஷாக் அப்சார்பர் போட்டாலும் குணமாகாது.

பெருங்களத்தூரில் செய்த கார்

ஒரு காரின் கையாளுகை தளர்ந்திருக்கிறதா என்று தீர்மானிக்கும் முன், புதிதாக இருந்தபோது அது எப்படி இருந்தது என்று அறிந்திருக்க வேண்டும். இதற்குத் தாம்பரத்தை ஒட்டியே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூருக்கு அருகே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலை இருந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வெளியான டிரையம்ப் ஹெரால்டு, 1961 முதல் இந்தியாவில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. அன்றைய அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் பின்புறம் ஒரே விறைத்த அச்சு. ஹெரால்டிலோ பின்சக்கரங்கள் தனித்தனியே இயங்கின. குறுக்காக வைத்த ஒரே பட்டைவில்லும், நடுவிலிருந்து இரு பக்கமும் ஊஞ்சல் போல் ஆடும் அரை அச்சுகளும் அதன் பின்புற அமைப்பு.

இத்தகைய ஊஞ்சல் அச்சில் ஒரு பிறவிக் குணம் உண்டு. வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்பகுதி மேலெழும். வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும். பிடிப்பு சட்டென்று குறையும். அமெரிக்காவில் செவர்லே கார்வேர் காரின் தொடக்க கால மாடல்கள் மீது ரால்ஃப் நேடர் 1965-இல் வெளியிட்ட நூலில் வைத்த குற்றச்சாட்டும் ஊஞ்சல் அச்சைப் பற்றியதே. இந்தியாவிலும் உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்பு பிடிக்கவில்லை. 1972-இல் ஹெரால்டின் வழித்தோன்றலாக வந்த கெஸல் காரில் நிறுவனமே அதைக் கைவிட்டு, பின்புறம் விறைத்த அச்சுக்கு மாறியது. ஹெரால்டின் பின்பகுதி ஆடியதென்றால் அது தேய்மானமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மெக்கானிக்கால் மாற்ற முடியாத குணமாகவும் இருக்கலாம்.

அதே ஹெரால்டின் முன்புறம் வேறொரு பாடத்தை வைத்திருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, டிரனியன் எனப்படும் திருகுப் பிடிக்குள் திரும்பும். அதற்குக் கியர் ஆயிலே இட வேண்டும். கிரீஸ் உள்ளே போதிய அளவு இறங்காது. எண்ணெயின்றி ஓடிய டிரனியனில் தண்டு அரித்து ஒருநாள் முறியும், சக்கரம் பக்கவாட்டில் மடங்கிப் படுத்துவிடும். இன்றைய கார்களில் டிரனியன் இல்லை. அந்த இடத்தில் பால் ஜாயின்ட் இருக்கிறது. அது கழன்றாலும் சக்கரம் அப்படியேதான் மடங்கும். ஆலை இருந்த இடத்தில் இப்போது தகவல் தொழில்நுட்பப் பூங்கா நிற்கிறது, அந்த ஆபத்து மட்டும் காலாவதியாகவில்லை.

ரப்பர் எப்படிப் போகிறது

இப்போது இப்பகுதியில் ஓடும் பழைய கார்களில் மாருதி 800, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தி தொடங்கிய ஹூண்டாய் சான்ட்ரோ, 1999-இல் மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டு ஐகான் ஆகியவற்றை இன்னும் காணலாம். மூன்றிலும் முன்புறம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு: வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக மேலே, ஒரு லோயர் ஆர்ம் கீழே. உறுப்புகள் குறைவு என்பது இதன் சிறப்பு. ஒவ்வோர் உறுப்பும் கூடுதல் பொறுப்பைச் சுமக்கிறது என்பது இதன் மறுபக்கம். மாருதி 800-இல் முன்புற ஸ்டெபிலைசர் கம்பி, கார் சாய்வதைக் குறைப்பதோடு, லோயர் ஆர்ம் முன்பின் நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் சேர்த்தே செய்கிறது. கம்பியின் முனையில் உள்ள சிறு ரப்பர் துண்டுகள் நைந்துபோனால், பிரேக் பிடிக்கும்போது சக்கரமே சற்றுப் பின்னுக்கு நகரும். ஓட்டுபவர் பிரேக்கில்தான் கோளாறு என்று நினைத்துப் பிரேக் ஷூவையும் பேடையும் மாற்றிக்கொண்டிருப்பார்.

புஷ் என்பது இரும்புக் குழாய்க்குள் ரப்பர், ரப்பருக்குள் இன்னொரு இரும்புக் குழாய். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு விடுகிறது. உராய்வு இல்லை, எண்ணெய் தேவையில்லை. வெயிலும் வயதும் ரப்பரை இறுக்கி வெடிக்கச் செய்கின்றன. எஞ்சினிலிருந்தோ பவர் ஸ்டீயரிங்கிலிருந்தோ எண்ணெய் ஒழுகி மேலே விழுந்தால் ரப்பர் ஊதிக் குழைந்துவிடும். ஆகவே, நைந்த புஷ்ஷின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் ஒழுகலை நிறுத்தாமல் புதுப் புஷ் போடுவதில் பயனில்லை. பால் ஜாயின்ட்டின் கதை வேறு. அதன் ரப்பர் உறை கிழிந்த நாளிலிருந்து கிரீஸ் வெளியேறி மணலும் நீரும் உள்ளே போகின்றன. உறை கிழிந்திருப்பதைக் கண்டாலே ஜாயின்ட்டின் நாள்கள் எண்ணப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம், அன்றைக்கு ஆட்டம் இல்லாவிட்டாலும்.

டயரிலிருந்து தொடங்குதல்

சோதனையின் முதல் படிக்கு எந்தக் கருவியும் வேண்டாம், காற்றழுத்தமானி ஒன்று போதும். முன் டயர்கள் இரண்டிலும் அழுத்தம் வேறுபட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும். எல்லாவற்றிலும் குறைவாக இருந்தால் வண்டி மிதப்பது போலிருக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் ஆழமாக இருந்தாலும் பழைய டயரின் ரப்பர் இறுகி, பக்கச்சுவர் வெடித்துப் போயிருக்கும்.

டயர் தேய்ந்திருக்கும் விதம் ஒரு மருத்துவக் குறிப்பேடு. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் கோணம் தவறியிருக்கிறது. கோணம் தவறக் காரணம் அலைன்மெண்ட்டாகவும் இருக்கலாம், நைந்த புஷ்ஷாகவும் இருக்கலாம். உள்ளங்கையால் பட்டன்களைக் குறுக்காகத் தடவும்போது ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் அரம் போல் உராய்ந்தால், சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்கின்றன. இடைவிட்டு இடைவிட்டுக் குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, சமதளத்தில் காரை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளலாம். இடம் வலம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் ஒரு வில் இறங்கியிருக்கக்கூடும், அல்லது துருவேறி அடிச்சுற்று உடைந்திருக்கக்கூடும்.

காரின் மூலையை அமுக்கிவிட்டுத் துள்ளலை எண்ணும் சோதனை எல்லோருக்கும் தெரியும். நல்ல நிலையில் உள்ள கார் ஒருமுறை எழும்பி அடங்கும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. ஆனால் இது முழுதாகச் செத்ததை மட்டுமே காட்டும். பாதி உயிரோடு இருப்பது இதில் தேறிவிடும். தண்டைச் சுற்றி எண்ணெய் ஒழுகித் தூசி அப்பியிருப்பது இதைவிட நம்பத்தக்க சான்று.

ஓட்டிப் பார்த்தல்

ஓட்டிப் பார்க்கும் சோதனையில் வேகம் முக்கியமில்லை, உறுப்பின் மேல் சரியான திசையில் பாரம் ஏற்றுவதே முக்கியம். இதற்கு இப்பகுதியின் உள்தெருக்களில் குறைவில்லாமல் கிடைக்கும் வேகத்தடை மிக நல்ல கருவி. ஆளில்லாத தெருவில், நடந்து போகும் வேகத்தில், முதலில் நேராக ஏற வேண்டும். இரு முன்சக்கரங்களும் சேர்ந்து ஏறி இறங்கும். பிறகு அதையே குறுக்குச் சாய்வாக, ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாக ஏற வேண்டும். ஸ்டெபிலைசர் கம்பி இரு சக்கரங்களும் ஒன்றாக உயரும்போது முறுக்கப்படுவதில்லை. ஒன்று மட்டும் உயரும்போதுதான் முறுக்கப்படுகிறது. நேராக ஏறும்போது அமைதியாக இருந்து, சாய்வாக ஏறும்போது மட்டும் "டக் டக்" என்றால், சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசரின் லிங்க் ராடிலோ அதன் புஷ்ஷிலோ இருக்கிறது. இரண்டு விதத்திலும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட், அதன் மேல் மவுண்டிங், பால் ஜாயின்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். லிங்க் ராட் மலிவான உறுப்பு. ஆனால் அதன் சத்தம் பெரிது. சத்தத்தின் அளவைக் கொண்டு ஆபத்தின் அளவை எடைபோடக் கூடாது. சத்தமே இல்லாமல் தேய்ந்து கழலும் பால் ஜாயின்ட்டும் உண்டு.

அடுத்த சோதனை புஷ்ஷுக்கானது. மெதுவாக முன்னே நகர்ந்து பிரேக்கை அழுத்த வேண்டும். பின் ரிவர்ஸில் நகர்ந்து அழுத்த வேண்டும். திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு "டொக்" கேட்டால், லோயர் ஆர்மின் புஷ்ஷுக்குள் ஆர்ம் முன்பின் நகர்கிறது. எஞ்சின் மவுண்டிங் போயிருந்தாலும் இதே சத்தம் வரும். பிரித்தறிய, பானெட்டைத் திறந்து வைத்து, அருகில் நிற்பவர் காருக்கு முன்னால் நில்லாமல் பக்கவாட்டில் நின்று கவனிக்க, ஓட்டுபவர் பிரேக்கை அழுத்தியபடியே முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை லேசாக விட்டுப் பார்க்கலாம். எஞ்சின் எகிறி விழுந்தால் குற்றம் மவுண்டிங்கினுடையது.

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து வைத்துக் கிளம்பும்போது வரும் "கட கட கட" என்ற தொடர் சத்தம் சஸ்பென்ஷனைச் சேர்ந்ததன்று. அது டிரைவ் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயின்ட். நின்ற நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வில் "டொங்" என்று குதித்தால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டிங் பேரிங் இறுகியிருக்கிறது.

ஜி.எஸ்.டி. சாலையிலோ வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ ஒரு பேருந்து கடந்து போகும்போது, ஸ்டீயரிங் நேராக இருக்க, காரின் பின்பகுதி மட்டும் தனியாக நகர்ந்து திரும்பி வருவது போல் தோன்றினால், முன்புறத்தை விட்டுவிட்டுப் பின்புற அச்சின் புஷ்களைப் பார்க்க வேண்டும். பின் அச்சு சற்றே கோணிக்கொண்டாலும் பின்சக்கரங்களே காரைத் திருப்பத் தொடங்கிவிடும். ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றியும் அலைச்சல் போகவில்லை என்று வரும் கார்களில் இது அடிக்கடி விட்டுப்போன இடம்.

ஜாக்கி போட்டுப் பார்த்தல்

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது. சமமான, உறுதியான தரையில் நிறுத்தி, தரையில் உள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை முட்டுக்கொடுத்து, தூக்கிய பிறகு ஸ்டாண்ட் வைத்துக்கொண்டே வேலை தொடங்க வேண்டும்.

தூக்கிய சக்கரத்தின் மேலும் கீழும், கடிகாரத்தின் 12, 6 இடங்களில் பிடித்து உள்ளும் புறமும் ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், பால் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம். இன்னொருவர் பிரேக்கை மிதிக்க, மீண்டும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் மறைந்தால் பேரிங். பிரேக் சக்கரத்தையும் நக்கிளையும் ஒன்றாகப் பிடித்துவிட்டதால் பேரிங்கின் ஆட்டம் தெரியாமல் போகிறது. மறையாவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது ஸ்ட்ரட். இனி 9, 3 இடங்களில் பிடித்து ஆட்டினால் ஆட்டம் டை ராட் எண்ட்டிலோ ரேக் எண்ட்டிலோ இருப்பது தெரியும். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, வில்லின் மேல் விரல் வைத்தால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலில் தெரியும்.

பால் ஜாயின்ட்டைச் சோதிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் கொண்ட கார்களில் எடை ஸ்ட்ரட் வழியே இறங்குகிறது. கீழுள்ள ஜாயின்ட் வெறுமனே பிடித்துக்கொண்டிருக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையிலேயே, லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையே நீண்ட லீவரைச் செருகி நெம்பினால் ஆட்டம் தெரியும். டார்ஷன் பார் கொண்ட அம்பாசிடர், குவாலிஸ் போன்றவற்றில் எடையைக் கீழ் ஆர்மே சுமக்கிறது. உடலைத் தூக்கித் தொங்கவிட்டால் வில்லின் விசை ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். அவற்றில் ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியிலேயே வைத்துத் தூக்க வேண்டும்.

ஸ்டீயரிங் இணைப்புகளைச் சோதிக்க நேர்மாறாக, சக்கரங்கள் தரையில் இருக்க வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிதளவே இடமும் வலமும் விரைந்து ஆட்ட, மற்றவர் டை ராட் எண்ட், ரேக்கின் பிடிப்பு, ஸ்டீயரிங் தண்டின் ஜாயின்ட் ஆகியவற்றின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். தூக்கி நிறுத்திய காரில் இதைச் செய்தால் எதிர்விசை இல்லாததால் பாதி ஆட்டம் அகப்படாது.

வெள்ளத்தில் நின்ற கார்

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளிலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. வெள்ளத்தில் சிக்கிய காரை வாங்குவோர் எஞ்சினையும் மின்சுற்றையும் விசாரிப்பார்கள். சஸ்பென்ஷனை யாரும் கேட்பதில்லை. சேற்றுநீர் கிழிந்த உறை வழியே ரேக்குக்குள்ளும் ஜாயின்ட்டுக்குள்ளும் நுழைந்தால் உடனே ஒன்றும் தெரியாது. துரு தன் வேலையைச் செய்யச் சில மாதங்கள் ஆகும். வேகத்தோடு சேர்ந்து ஏறும் "ஊ" என்ற முனகல், காரை லேசாக இடமோ வலமோ வளைக்கும்போது கூடிக் குறைந்தால், நீர் புகுந்த வீல் பேரிங் பேசுகிறது என்று கொள்ளலாம். பொதுவாக, கார் இடப்பக்கம் திரும்பும்போது முனகல் கூடினால் பாரம் ஏறும் வலப்பக்கப் பேரிங்கே கெட்டது.

சட்டம் குறிப்பிடும் அளவு

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98-ஆவது விதி, ஸ்டீயரிங்கின் வெற்று ஆட்டம் 30 பாகைக்கு மிகக் கூடாது என்றும், ஸ்டீயரிங் இணைப்புகளின் பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் உறை இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 38 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கில் 30 பாகை என்பது விளிம்பில் ஏறத்தாழ 10 செ.மீ. பழைய லாரியையும் உள்ளடக்கி எழுதிய அளவு இது. ரேக் அண்ட் பினியன் கொண்ட சிறிய காரில் 3 செ.மீ. வெற்று ஆட்டமே கவலைக்குரியது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வாகனத்தைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். தாம்பரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் டி.என். 11 எண்ணோடு ஓடும் பழைய கார்களுக்கும் இது பொருந்தும். சோதனைக்கு முந்தின வாரம் அவசரமாக எல்லாவற்றையும் மாற்றுவதைவிட, ஒரு மாதம் முன்பே மேற்சொன்ன வரிசையில் பார்த்துவிடுவது மலிவு.

மாற்றும்போது

வீல் அலைன்மெண்ட் கடைசி வேலை. புஷ் நைந்த காரை அலைன்மெண்ட் இயந்திரத்தில் ஏற்றினால் திரையில் எண்கள் பச்சையாகத்தான் வரும். தெருவில் இறங்கி முதல் பிரேக் பிடித்ததும் அந்த எண்கள் மாறிவிடும். ஷாக் அப்சார்பரையும் வில்லையும் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் ஆகியவற்றில் போனதை மட்டும் மாற்றலாம், மற்றதன் உறை முழுதாக இருந்தால். புதுப்பேட்டையில் பழைய உறுப்புகள் கிடைக்கும். பழைய லோயர் ஆர்ம் வாங்குவதில் தவறில்லை, வளையாமல் இருந்தால். பழைய பால் ஜாயின்ட்டை வாங்குவது, எத்தனை நாள் ஓடும் என்று தெரியாத ஒன்றைச் சக்கரத்துக்குப் பூட்டுவது.

லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டை எந்த நிலையில் முறுக்குகிறார்கள் என்பதை அருகில் நின்று பார்ப்பது நல்லது. கார் தூக்கில் தொங்கும்போதே முழுதாக இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ஆர்ம் மேலெழுந்து ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்றுவிடும். பல ஆண்டு உழைக்க வேண்டிய புஷ் சில மாதங்களில் கிழிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தொங்கும்போது போல்ட்டைக் கையளவுக்கு மட்டும் பூட்டி, காரைத் தரையில் இறக்கி, இரண்டு முறை அமுக்கிவிட்டு, அதன் எடையில் நிற்கும்போதே இறுதியாக முறுக்க வேண்டும். பள்ளமோ தூக்கு மேடையோ இல்லாத சிறு ஒர்க்‌ஷாப்பில், சக்கரங்களை இரண்டு பலகைகளின் மேல் ஏற்றி நிறுத்தினாலே கை நுழையும் இடம் கிடைத்துவிடும்.